ஊசி போய்ச் சேர்ந்த இடத்துக்கு உயரம் ஏன் போய்ச் சேரவில்லை?

இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், அதாவது வளர்ச்சி குன்றியவர்கள். 2006-07இல் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீடு சொன்ன கணக்கு இது. 2016இல் அதே அளவீட்டை மறுபடி எடுத்தார்கள். அப்போதும் பதினேழுதான். இடையில் போர் முடிந்தது, அதிவேக நெடுஞ்சாலைகள் வந்தன, கொழும்பின் வானத்தை மறைத்துக்கொண்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அந்த எண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் அசையாத எண்ணுக்குள் அசைவு இருந்தது. தோட்டப்புறத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 2006-07இல் நூற்றுக்கு 40 பேர். 2016இல் அது 32க்குச் சற்றுக் கீழே இறங்கியது. எட்டுப் புள்ளி இறக்கம் சின்ன விடயமல்ல. இருந்தும், 2012 குடிசன மதிப்பீட்டின்படி தோட்டங்களில் வாழ்வோர் நாட்டின் சனத்தொகையில் 4.4 சதவீதம் மட்டுமே. அங்கே எட்டுப் புள்ளி குறைந்தாலும் நாட்டின் சராசரியில் அரைப் புள்ளிகூடக் குறையாது. அங்கே நிலைமை எவ்வளவு கெட்டாலும் சராசரி அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. 2016இல் நகரப்புறம் ஏறத்தாழ 15, கிராமப்புறம் 17, நுவரெலியா மாவட்டம் 32. கொழும்பிலிருந்து திட்டம் போடுபவர்களுக்கு நுவரெலியா மாவட்டத்தின் தோட்ட நகரான ஹட்டன் கண்ணில் படுவதில்லை என்றால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் சராசரியை மட்டும் வாசிப்பவருக்கு ஹட்டன் கண்ணில் பட வழியே இல்லை.

அரசாங்கம் கைகட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைச் சுகாதாரத்தில் பிரதேச ஏற்றத்தாழ்வைக் குறைக்க இந்த நாடு எடுத்த முயற்சிக்கு நூறு ஆண்டு வயது. 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் மன்றத்தின் ஒத்துழைப்போடு முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதுவரை சுகாதாரம் என்றால் ஆஸ்பத்திரி. நோயாளிதான் தேடிப் போக வேண்டும். களுத்துறையில் அந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு நிலப்பரப்பை எல்லை வகுத்து, அதற்குள் உள்ள அத்தனை வீடுகளையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும் மருத்துவமாதரிடமும் ஒப்படைத்தார்கள். நோயில்லாத வீட்டுக்கும் பொறுப்பாக ஒருவர் இருந்தார் என்பதுதான் புதுமை.

அந்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது. ஒரு மருத்துவமாதுக்குச் சுமார் 3,000 பேர் என்பது பொதுக் கணக்கு. தன் பகுதியில் பிள்ளை பெறக்கூடிய வயதிலுள்ள குடும்பங்கள் யாவை, யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்பதெல்லாம் அவரது பதிவேடுகளில் இருக்க வேண்டும். பிரசவம் முடிந்து வந்த வீட்டுக்கு அவரே நடந்து போவார். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தில் எடைக்கோடு சரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய கண் அவருடையது. இந்த வேலை முழுவதையும் மேலிருந்து ஒழுங்குபடுத்துவது கொழும்பு 10இல் இருக்கும் குடும்ப சுகாதாரப் பணியகம். அது 1968இல் அமைக்கப்பட்டது.

பலன் என்னவென்று கேட்டால் இறப்புக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். மலேரியா கொள்ளைநோயாகப் பரவிய 1935இல், பிறந்த ஒவ்வோர் ஆயிரம் பிள்ளைகளிலும் 263 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948இல் அது 92. இன்று ஒற்றை இலக்கம். மலேரியா ஒழிப்பு, அரிசிப் பங்கீடு, 1945இல் வந்த இலவசக் கல்வி என்று இதற்குப் பங்காளிகள் பலர் உண்டு. என் கணிப்பில் தாய்மார் எழுத்தறிவு பெற்றதே பெரிய பங்கு. ஆனால் எழுத்தறிந்த தாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவள் வாசலுக்கே ஒருவர் வந்தார் என்பதை மறக்கக் கூடாது.

தடுப்பூசியிலும் இதே கதை. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. வடக்கும் கிழக்கும் எரிந்துகொண்டிருந்த 1990களில்கூட, போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் துப்பாக்கிகளைத் தாழ்த்திய நாட்கள் இருந்தன. 1993க்குப் பிறகு நாட்டில் போலியோ நோயாளி எவரும் இல்லை. இன்று கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்கும் மஸ்கெலியாவில் பிறந்த பிள்ளைக்கும் கொழும்பு 7இல் பிறந்த பிள்ளைக்கும் அநேகமாக ஒரே அட்டவணையில் ஒரே ஊசிதான். பிரசவங்களும் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. தோட்டமும் இதற்கு விலக்கல்ல. தென்னாசியாவில் இது பெரிய சாதனை.

அப்படியானால் உயரம் மட்டும் ஏன் இப்படி? ஊசி ஒரு நாள் வேலை. குறித்த திகதியில் தாய் கிளினிக்குக்கு வந்தால் போதும். வராவிட்டால் மருத்துவமாது தேடிப் போவார். உயரமோ கருவறையிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை ஒவ்வொரு நாளும் நடக்கும் வேலை. தாயின் சாப்பாடு, அவள் தூக்கும் சுமை, குடிநீர், மலசலகூடம், அடுப்புப் புகை, பகலில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்றுகூடச் சுகாதார அமைச்சின் கையில் இல்லை. வீடு ஓர் அமைச்சு, தண்ணீர் இன்னொரு சபை, சம்பளம் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான இழுபறி. பிள்ளை குள்ளமாக இருப்பதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டும் மருத்துவமாது!

தோட்டத்தில் இது தெளிவாகத் தெரியும். களுத்துறையில் வகுத்த எல்லைக்கோடுகள் நாடெங்கும் பரவியபோது தோட்ட வாசலில் நின்றுவிட்டன. உள்ளே சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு: தோட்ட ஆஸ்பத்திரி, தோட்ட வைத்திய உதவியாளர், தோட்டத்து மருத்துவமாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அங்கிருந்த மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் கேட்பதற்கும் ஆளில்லாமல் போனது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் பேச்சு 1990களிலிருந்து நடக்கிறது. சில கைமாறின, பல இன்னும் இரண்டும்கெட்டான் நிலையில் கிடக்கின்றன. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் தம் நிதியில் வேலை செய்வதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டதே 2018இல்தான். அதுவரை லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போகும் பாதையில் ஒரு வடிகான் வெட்டுவதற்கும் சட்டத்தில் வழியில்லை.

இந்த நிர்வாக வரலாற்றின் கீழே ஒரு தாயின் நாள் இருக்கிறது. காலையில் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டு மலையேற வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் சம்பளம் வெட்டு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்வது சரிதான்; ஆனால் மடுவம் இருப்பது மலையடிவாரத்தில், தாய் நிற்பது மேல்மலையில். மடுவங்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றி, சத்துணவும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும் கொடுக்கும் வேலை பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஊடாக நடந்தது. நாற்பது முப்பத்திரண்டாக இறங்கியதில் அதற்குப் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். பூச்சி மருந்து, இரும்புச்சத்து மாத்திரை போன்றவற்றின் பங்கையும் சேர்க்க வேண்டும். மீதிக் காரணம் பரம்பரையாக வருவது: குறைந்த எடையோடு பிறந்த பெண் பிள்ளை, குள்ளமான தாயாகி, மீண்டும் குறைந்த எடையுள்ள பிள்ளையைப் பெறுகிறாள். இந்தச் சுற்றை ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தில் அறுக்க முடியாது. அறுப்பதாக எழுதப்பட்ட திட்டங்களை நம்பவும் வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உயரத்துக்கேற்ற எடை இல்லாத நிலையை, அதாவது மெலிவை, எடுத்துக்கொண்டால் 2016இல் தோட்டப்புறம் கிராமப்புறத்தைவிட மோசமாக இருக்கவில்லை. நாடு முழுவதிலும் அது 15 சதவீதம். உலக அளவிலேயே உயர்ந்த கணக்கு. குள்ளத்தின் வரைபடமும் மெலிவின் வரைபடமும் வெவ்வேறு. நுவரெலியாவுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே மொனராகலைக்கோ மட்டக்களப்புக்கோ தூக்கிக்கொண்டு போக முடியாது.

வடக்கு, கிழக்கின் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பிள்ளைகளை அளக்கவே இல்லை. 1987, 1993, 2000 அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006-07இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு விடுபட்டது. இருபத்தைந்து மாவட்டங்களும் ஒரே அளவீட்டில் முதன்முதலாக வந்தது 2016இல். முதல் பந்தியில் சொன்ன இரண்டு பதினேழுகளும் உண்மையில் ஒரே நாட்டைப் பற்றியவையல்ல. முதலாவதில் வட மாகாணம் இல்லை. கணக்கில் வராத பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கேட்டு வாதாட முடியாது. போருக்குப் பிறகு அங்கே கட்டடங்கள் வேகமாக எழுந்தன. கட்டடத்துக்குள் இருக்க வேண்டிய ஆட்கள், குறிப்பாக வன்னியின் உட்கிராமங்களுக்குப் போய் நிற்கக்கூடிய மருத்துவமாதர், அந்த வேகத்தில் வரவில்லை.

கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிப்பவருக்கு இவையெல்லாம் தூரத்து விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் பிரதேச ஏற்றத்தாழ்வு என்பதை மாவட்ட எல்லைகளால் மட்டும் அளப்பதுதான் இந்த நகரத்தை நல்ல பெயரோடு தப்பவிடுகிறது. நாட்டின் மிகப் பெரிய சிறுவர் ஆஸ்பத்திரியான சீமாட்டி றிட்ஜ்வே 1895இலிருந்து பொரளையில் இருக்கிறது. டி சொய்சா மகப்பேற்று மனை 1879இலிருந்து இருக்கிறது. பிறவி இருதயக் குறைபாடுள்ள பிள்ளையை மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கொண்டுவந்து, தாயை வார்டில் விட்டுவிட்டுத் தகப்பன் எங்கே படுப்பது என்று தேடும் நாட்டில், கொழும்புப் பிள்ளைக்கு இவை மூன்று சக்கர வண்டித் தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தூரத்துக்குள்தான் மட்டக்குளியும் முகத்துவாரமும் மாளிகாவத்தையும் வனாத்தமுல்லையும் இருக்கின்றன. ஒரே அறையில் மூன்று தலைமுறை, பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம், மழை பெய்தால் கால்வாய் வீட்டுக்குள் என்ற வாழ்க்கை அங்கே அதிசயமல்ல. 2010க்குப் பிறகு பல ஆயிரம் குடும்பங்களை நகர அபிவிருத்தி அதிகாரசபை மாடிவீடுகளுக்குக் கொண்டுபோனது. குழாய்த் தண்ணீரும் சொந்தக் கழிப்பறையும் கிடைத்தன. மாதாந்தத் தவணையும் மின்கட்டணமும் கூடவே வந்தன. அவற்றைக் கட்டுவதற்குப் பணம் சட்டியில் இருந்துதான் எடுக்கப்படுகிறது.

கொழும்பு மாநகரில் தாய் சேய் கிளினிக்குகளை நடத்துவது மாகாண சுகாதாரத் திணைக்களமல்ல; மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். பழைய, அனுபவமுள்ள அமைப்பு. ஆனால் அதன் எல்லை மாநகர எல்லையோடு முடிகிறது, மக்கள் அப்படி முடிவதில்லை. கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருக்கும் ஒரு மலையகக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தி. மனைவி கர்ப்பமானதும் பதிவது கொழும்பு 13இல். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் பொகவந்தலாவைக்குப் போவாள். நமது வழக்கம் அது. பிரசவம் டிக்கோயாவில். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது வாடகை கூடி அறை கிராண்ட்பாஸுக்கு மாறியிருக்கும். புத்தகம் தாயோடு பயணம் செய்கிறது, பதிவேடு செய்யாது. மூன்று மருத்துவமாதருமே அவள் மற்றவருடைய பகுதியில் இருக்கிறாள் என்று எண்ணலாம். அதில் எவருடைய தவறும் இல்லை.

முகவரி கேட்டாலே பின்வாங்கும் பழக்கம் கொழும்புத் தமிழருக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. போர்க்காலத்தில் பொலிஸில் பதிந்து வாழ்ந்தவர்கள் இவர்கள். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றி நகரத்திலிருந்து அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. வீட்டு வாசலில் பதிவேட்டோடு நிற்கும் அரசாங்க ஊழியர் தமிழில் பேசாவிட்டால், அவர் பிள்ளையின் எடையைக் கேட்க வந்தவர் என்பது உடனே விளங்குவதில்லை. நகரவாசிகளில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்களாக இருக்கும்போது தமிழ் பேசும் மருத்துவமாதர் போதாமல் இருப்பது சின்னக் குறை அல்ல. நுவரெலியாவிலும் இதே குறைதான். உயர்தரம் சித்தியடைந்த தமிழ்ப் பெண்பிள்ளைகள் இந்த வேலைக்கு விண்ணப்பிப்பதில்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். விண்ணப்பிக்கக்கூடிய தகுதியோடு எத்தனை பேர் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வெளியே வருகிறார்கள் என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தப் பொத்தல்கள் வழியாக என்ன நுழையும் என்பதை 2023 காட்டியது. 2019இல் சின்னமுத்தை (தட்டம்மையை) ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியிருந்தது. நான்கு ஆண்டில் அது திரும்பி வந்தது. முதலில் தலைகாட்டியது கொழும்பில். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளும் ஊசி தவறியவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 2024 ஜனவரியில் தெரிவுசெய்த மாவட்டங்களில் மேலதிக ஊசி போட்டார்கள். அதில் கொழும்பும் இருந்தது.

இனி அரசாங்கம் கையில் எடுக்கும் மூன்று ஆயுதங்கள்: மா, காசு, திட்ட ஆவணம்.

மா என்றால் திரிபோஷ. 1973இல் அமெரிக்க உதவியோடு தொடங்கிய சோளம், சோயா கலவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் 750 கிராம் பைக்கற்றாகக் கிளினிக்கில் கிடைக்கிறது. வீட்டில் எடை குறைந்த பிள்ளைக்கென்று தந்த பைக்கற்றை மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். திட்டம் போட்டவர்கள் அதை வீணாதல் என்று எழுதுவார்கள். பெரிய பிரச்சினை வேறு. நல்ல சோளம் கிடைக்காவிட்டால் உற்பத்தி நிற்கும். 2022இல் சோளத்தில் அஃப்லடொக்சின் நச்சின் அளவு பற்றிய சர்ச்சையும் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது, சிறு பிள்ளைகளுக்கான விநியோகம் தடைப்பட்டது. மிகத் தேவையான ஆண்டில் மா இல்லை.

அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முட்டையும் பருப்பும் கருவாடும் ஒன்றாக எட்டாக்கனியான காலம். குடும்ப சுகாதாரப் பணியகத்தின் கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடை குறைந்தவர்கள் 2021இல் 12.2 சதவீதம், 2022இல் 15.3. பல ஆண்டுகள் இறங்கிவந்த கோடு மேலே திரும்பியது. இதே பணியகத்தின் கணக்கில் 2021இல் வளர்ச்சி குன்றியோர் 7.4 சதவீதம், 2022இல் 9.2. அளவீடு சொன்ன பதினேழு எங்கே, இந்த ஒன்பது எங்கே? ஒன்று வீடு வீடாக மாதிரி எடுத்து, பயிற்சி பெற்ற குழு உயரப் பலகையோடு போய் அளப்பது. மற்றது போஷாக்கு மாதத்தில் நிறுவைக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் கணக்கு. வராத பிள்ளை, முகவரி மாறிய பிள்ளை, தனியார் வைத்தியரிடம் மட்டும் போகும் வெள்ளவத்தைப் பிள்ளை ஆகியோர் இரண்டாவதில் இல்லை. திசையை அறிய இரண்டாவது போதும். அளவை அறிய அதை நம்பக் கூடாது. பத்திரிகைகளில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், அமைச்சர்கள் தேவைக்கேற்ப ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

காசு என்பது 2015இல் தொடங்கிய கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு. மாதம் 2,000 ரூபா பெறுமதியான பொருட்களாகப் பத்து மாதத்துக்கு 20,000 என்று ஆரம்பித்தது. 2025 வரவுசெலவுத் திட்டம் மாதாந்தத் தொகையை 4,500இலிருந்து 5,000 ரூபாவாக்கியது. நல்லதுதான். ஆனால் கொழும்பின் வசதியான கறுவாத்தோட்டத்துக்கும் மலையகக் கம்பளைக்கும் ஒரே தொகை. எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள், இடைவெளியும் குறையாது. 2023இல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக வந்த அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு குடும்ப நிலையைப் பார்த்துத் தரம் பிரிக்கிறது. அங்கேயும் தோட்டக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன: லயத்து வீட்டை யாருடைய சொத்தாகக் கணக்கெடுப்பது, ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு குடும்பத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளுக்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை.

திட்ட ஆவணங்களுக்குக் குறைவில்லை. போஷாக்குக் கொள்கை, அமைச்சுகளை இணைக்கும் பல்துறைச் செயற்றிட்டம், மாவட்டக் குழுக்கள் எல்லாம் உண்டு. இவற்றின் மூளை சரியானது; குள்ளம் என்பது சுகாதாரம் மட்டுமல்ல என்று அவை ஏற்றுக்கொள்கின்றன. கைகால்தான் இல்லை. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் ஆரம்ப சுகாதாரம் மாகாணங்களிடம் போனது. பெரிய ஆஸ்பத்திரிகள் மத்திய அமைச்சிடம் நின்றன. மாகாண சபைகளின் காலம் ஒவ்வொன்றாக முடிந்து, தேர்தல் இல்லாமல் ஆளுநர்களின் கீழ் அவை நடக்கின்றன. நுவரெலியாவில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருப்பது ஏன் என்று கேட்கக் கண்டியில் ஒரு மாகாண சபை உறுப்பினரும் இல்லை. வீடமைப்பு அமைச்சரிடம் கேட்டால் சுகாதாரத்தைக் காட்டுவார்.

செலவில்லாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமாதின் கணக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக மின்னணு முறையில் பணியகத்துக்குப் போய்ச் சேருகிறது. மாவட்டத்துக்குக் கீழே, மட்டக்குளிக்கும் மஸ்கெலியாவுக்கும் தனித்தனியாக எண்கள் அங்கே இருக்கின்றன. பொதுவெளியில் பேசப்படுவதோ பெரும்பாலும் மாவட்டக் கணக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அந்த எண்களைக் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ இயங்கும் சனசமூக நிலையங்கள், கோயில் சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் தமது பகுதிக்கான எண்ணைக் கேட்டு வாங்கி, அதை அடுத்த மாநகர சபைக் கூட்டத்தில் தமது வட்டார உறுப்பினரின் கையில் கொடுக்கலாம்.